கொக்கோ மரத்தின் பழுப்பு மிரிட்: உடற்கூறு அறிந்து அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கொக்கோத் தோட்டத்துக்குள் பட்டப்பகலில் நுழைந்து பாருங்கள். காய்களில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். இளந்தண்டுகளில் நீள்வட்டத் தழும்புகள் தெரியும். உச்சிக் கிளைகளில் இலைகள் கருகி, உதிராமல் தொங்கிக்கொண்டிருக்கும். இத்தனையையும் செய்த பூச்சி மட்டும் கண்ணில் படாது. பட்டை வெடிப்பிலோ, காம்பு காயோடு சேரும் இடுக்கிலோ அது அசையாமல் ஒட்டிக் கிடக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வந்து உறிஞ்சத் தொடங்கும்.

அந்தப் பூச்சியின் பெயர் சால்பெர்கெல்லா சிங்குலாரிஸ். கொக்கோ ஆய்வாளர்கள் இதைப் பழுப்பு மிரிட் என்பார்கள், பழைய நூல்களில் கப்சிட் என்றிருக்கும். கானாவின் ட்வி மொழியில் கொக்கோ மிரிட்களுக்கு 'அகாட்டே' என்று பெயர். கட்டுப்படுத்தாமல் விட்டால் விளைச்சலில் 25 முதல் 30 சதவீதம் வரை இந்தக் கூட்டத்தால் போகும் என்பது அங்கே நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டாத பூச்சி இது.

இந்த வழிகாட்டி பூச்சியியல் மாணவர்களுக்கும், பூச்சிகளைப் படமெடுத்துப் பெயர் தேடும் ஆர்வலர்களுக்கும் உரியது. மருந்து, அளவு பற்றி இதில் எதுவும் இல்லை. கையில் இருக்கும் பூச்சி எது என்று தவறில்லாமல் சொல்வது எப்படி என்பது மட்டும்தான்.

முதலில் பெயரும் உறவும்

அறிவியல் உலகத்துக்கு இந்த இனம் 1895இல் அறிமுகமானது. பெயரிட்டவர் ஹாக்லுண்ட். கொக்கோவைத் தாக்கும் பூச்சி என்று கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், கவனிக்கப்பட்டது அதற்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்.

இந்த வரிசையை யோசித்தால் ஒன்று புரியும். கொக்கோ ஆப்பிரிக்க மரமே இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனது. டெட்டே குவார்ஷி என்பவர் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து (இன்றைய பயோகோ) கொக்கோ விதைகளைக் கோல்ட் கோஸ்ட்டுக்குக் கொண்டுவந்தது 1870களின் கடைசியில். பூச்சியோ அதற்கு முன்பே அந்தக் காடுகளில் இருந்தது. கோலா மரங்களிலும் அவற்றின் உறவு மரங்களிலும் வாழ்ந்துகொண்டிருந்தது. கோலாவும் கொக்கோவும் ஒரே தாவரக் குடும்பம். பக்கத்திலேயே அதே குடும்பத்து மரத்தை ஏக்கர் கணக்கில் நட்டதும் பூச்சி அதற்கு மாறிக்கொண்டது. அதனால் தோட்டத்து ஓரத்துக் கோலா மரத்தையும் பார்க்காமல் விடாதீர்கள்.

வகைப்பாட்டில் இதன் இடம்: அரைச்சிறகிகள் என்னும் ஹெமிப்டெரா வரிசை, அதில் நாவாய்ப்பூச்சிகளின் பிரிவான ஹெட்டராப்டெரா, மிரிடே குடும்பம், பிரையோகோரினே துணைக்குடும்பம், மொனலோனீனி குழு. நாவாய்ப்பூச்சிகளிலேயே மிகப் பெரிய குடும்பம் மிரிடே, பெயரிடப்பட்ட இனங்கள் மட்டும் 11,000க்கு மேல். நம் ஊர் முந்திரியிலும் தேயிலையிலும் தளிரைக் கருக்கும் தேயிலைக் கொசு இதே மொனலோனீனி குழுவைச் சேர்ந்ததுதான். தேயிலைக் கொசுவைக் கையில் பிடித்துப் பார்த்த அனுபவம் இருந்தால், இந்த வழிகாட்டியின் பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

கையில் என்ன வேண்டும்

10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று, 20 மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. சின்னக் கண்ணாடிக் குப்பிகள், 70 சதவீத எத்தனால், மென்முனைத் தூரிகை, ஒரு டார்ச். பென்சில் மறக்க வேண்டாம், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். உள் உறுப்புகள் வரை போக நினைத்தால் ஆய்வகத்தில் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் தேவைப்படும்.

படி 1: பூச்சியைத் தேடாதீர்கள், காயத்தைத் தேடுங்கள்

காயத்தைப் படிக்கத் தெரிந்தால் பூச்சியின் பக்கத்தில் போய் நிற்கலாம். அது எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

மிரிட்டின் வாய் ஒரு மடக்கு ஊசி. வெளியே தெரியும் நான்கு கணு உறை குத்துவதில்லை, தண்டின் மேல் ஊன்றி நிற்கும். உள்ளே முடியைவிட மெல்லிய நான்கு ஊசிகள் இருக்கும். வெளிப்புற இரண்டும் திசுவைக் கிழிக்கும். உட்புற இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு இரண்டு குழாய்களாகும். ஒரு குழாய் வழியே உமிழ்நீர் உள்ளே இறங்கும், இன்னொன்றின் வழியே கரைந்த சாறு மேலே ஏறும். உமிழ்நீரில் உள்ள நொதிகள் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரைத்துவிடும். அசுவினி சாற்றுக் குழாயைத் தேடிப்பிடித்து அதில் ஓடுவதைக் குடிக்கிறது. மிரிட் திசுவையே கூழாக்கிக் குடிக்கிறது. அசுவினி இருந்த செடி வாடித் தேறலாம், மிரிட் குத்திய இடம் செத்துப்போவது இதனால்தான்.

எனவே புதுக் காயம் நீர் கோத்த புள்ளி போலப் பளபளப்பாக இருக்கும், அப்புறம் கறுத்து உள்வாங்கும். காயில் அது சிறு வட்டம். பச்சைத் தண்டில் தண்டின் போக்கில் நீண்ட வட்டம். காய் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், தண்டு தாங்காது. குத்திய வாசல் வழியே பூஞ்சைகள் நுழைந்து கிளையை நுனியிலிருந்து பின்னோக்கிக் காயவைக்கும். உச்சி முழுக்கக் காய்ந்து, மொட்டைக் கிளைகள் மான்கொம்பு மாதிரி நின்றால் தாக்குதல் பழையது. பாதிப்பு தோட்டம் முழுக்கச் சீராகப் பரவி இருப்பதில்லை. நிழல் மரம் விழுந்தோ மேற்கவிகை கிழிந்தோ வெயில் இறங்கும் இடங்களில் திட்டுத் திட்டாக இருக்கும். திட்டின் நடுவில் பட்ட மரங்கள் நிற்கும். உயிருள்ள பூச்சி பெரும்பாலும் ஓரத்தில், இன்னும் பச்சையாக இருக்கும் மரங்களில்தான்.

தேன்பிசுக்கும் அதன்மேல் படரும் கரும்பூசணமும் கண்டால் அது மிரிட் வேலை இல்லை. மாவுப்பூச்சியோ அசுவினியோ வேறு இருக்கிறது என்று பொருள். மிரிட் தேன்பிசுக்கு விடாது.

புதுக் காயம் உள்ள மரம் கிடைத்ததும், அடிமரத்திலிருந்து கை எட்டும் உயரம் வரை நிதானமாகப் பாருங்கள். காயைத் திருப்பி, அது மரத்தில் சாய்ந்திருந்த பக்கத்தைப் பாருங்கள். காம்பின் அடி, நீர்ப்போத்துகளின் கணுக்கள், பழைய புண்களின் வெடித்த விளிம்பு எதையும் விட வேண்டாம். அதிகாலையும் அந்தி இருட்டியதும் நல்ல நேரம். கானாவில் ஆகஸ்டிலிருந்து எண்ணிக்கை ஏறும், ஆண்டின் பிற்பகுதி மாதங்களில் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரி முதல் ஜூன் வரை தேடினால் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு அதிகம்.

படி 2: கிடைத்தது மிரிட்தானா?

பூச்சியைக் குப்பியில் வைத்து லென்ஸை எடுங்கள். நிறத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள்.

வாய் ஊசி மாதிரி, தலைக்கு அடியில் பின்னோக்கி மடிந்து கிடக்கிறதா? அப்படியானால் அரைச்சிறகி. கடிக்கும் தாடை இருந்தால் வண்டு, அதை விட்டுவிடுங்கள்.

முன்சிறகின் அடிப்பகுதி தோல் போலத் தடித்தும், நுனி மட்டும் மெல்லிய சவ்வாகவும் இருக்கிறதா? அப்படியானால் நாவாய்ப்பூச்சி.

அடுத்தது கியூனியஸ். மிரிட்டை அடையாளம் காண ஒரே ஒரு குறி கேட்டால் இதைத்தான் சொல்வேன். முன்சிறகின் தடித்த பகுதி முடிந்து சவ்வு தொடங்கும் முன், வெளி ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணத் துண்டு தனியாக வெட்டப்பட்டது போல இருக்கும். அந்த வெட்டில் சிறகு சற்றே கீழ்நோக்கி மடங்கும், பக்கவாட்டில் பார்த்தால் முதுகின் கோடு அங்கே உடைவது தெரியும். கியூனியஸ் உள்ள நாவாய்ப்பூச்சிக் குடும்பங்கள் வேறு சிலவும் உண்டு. ஆனால் செடியில் கிடைக்கும் இந்த அளவுப் பூச்சிகளில் அது தெளிவாகத் தெரிந்தால் அநேகமாக மிரிட்தான்.

அதை உறுதிசெய்ய உச்சந்தலையைப் பாருங்கள். பல நாவாய்ப்பூச்சிகளுக்கு இரண்டு கூட்டுக்கண்களுக்கு நடுவே கண்ணாடி மணி போல இரண்டு தனிக்கண்கள் இருக்கும். மிரிட்களில் ஒரு சிறு துணைக்குடும்பம் தவிர மற்றவற்றுக்கு அவை கிடையாது. உணர்கொம்பிலும் வாய் உறையிலும் நான்கு நான்கு கணுக்கள். சவ்வுப் பகுதியில் ஒன்றோ இரண்டோ மூடிய அறைகள்தான் இருக்கும், நீளவாக்கில் ஓடும் நிறைய நரம்புகள் இருந்தால் வேறு குடும்பம். மைக்ராஸ்கோப் இருந்தால் நடுக்கால், பின்கால் தொடைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சிறு குழிகளிலிருந்து கிளம்பும் மிக மெல்லிய உணர்மயிர்கள் சில தெரியும். மிரிட் குடும்பத்தின் கையெழுத்து மாதிரி அது.

படி 3: தலையிலிருந்து வால் வரை

குடும்பம் உறுதியாயிற்று. இனி சால்பெர்கெல்லாவின் உடம்பு.

மிரிட் என்றதும் மெலிந்த, மென்மையான, சட்டெனப் பறந்துவிடும் பச்சைப் பூச்சி மனதில் வரும். பெரும்பாலான மிரிட்கள் அப்படித்தான். சால்பெர்கெல்லா அப்படியில்லை. கட்டுக்குட்டான உடம்பு, 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளம், 3 முதல் 4 மில்லிமீட்டர் அகலம். மேற்பரப்பு குழியும் மேடுமாகச் சொரசொரப்பாக இருக்கும். பழுப்பு நிறத்தில் வெளிறிய திட்டுகள் சிதறிக் கிடக்கும். இதைக் கொக்கோப் பட்டையின் மேல் வைத்தால் நிஜமாகவே காணாமல் போகும். பறித்த காயின் மேல் இருந்தால்தான் சட்டெனத் தெரியும்.

தலை குட்டையாக, அகலவாக்கில் இருக்கும், கூட்டுக்கண்கள் பக்கவாட்டில் துருத்தி நிற்கும். உணர்கொம்பு குட்டை, கணுக்கள் தடித்தவை. தேயிலைக் கொசுவின் உடம்பைவிட நீளமான, நூல் போன்ற உணர்கொம்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு பூச்சியோ என்றுகூடத் தோன்றும்.

தலைக்குப் பின்னால் முதுகை மூடும் முன்மார்புத் தகடு. முன்னால் குறுகிப் பின்னால் அகலும், குழிக்குறிகள் நிறைந்திருக்கும். அதற்குப் பின்னால், இரு சிறகுகளுக்கும் நடுவே, ஸ்குட்டெல்லம் என்னும் முக்கோணத் தகடு. இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். சாதாரண மிரிட்டில் இது சின்னது, தட்டையானது. சால்பெர்கெல்லாவும் அதன் நெருங்கிய உறவுகளும் இதைப் பெரிதாகப் புடைத்து வைத்திருக்கும். பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், முதுகில் ஒரு மேடு எழுந்து நிற்பது தெரியும். நான் ஒரு மாதிரியைக் கையில் எடுத்தால் நிறத்துக்கு முன்னால் இந்த மேட்டைத்தான் பார்ப்பேன்.

கால்களில் பாதத்தின் கடைசிக் கணு நுனி நோக்கிச் சற்றுப் பருத்திருக்கும், பிரையோகோரினே துணைக்குடும்பத்துக்கு அது பொதுவான குணம். பின்மார்பின் அடியில், பக்கவாட்டில், வாசனைச் சுரப்பியின் திறப்பு இருக்கும். நாவாய்ப்பூச்சியைக் கையில் நசுக்கினால் வருமே ஒரு நாற்றம், அது இங்கிருந்துதான்.

படி 4: குழப்பும் உறவினர்கள்

பெரிய சிக்கல் டிஸ்டான்டியெல்லா தியோப்ரோமா, அதாவது கறுப்பு மிரிட். அதே மரம், அதே அளவு, அதே காயம், அதே ஒளியும் பழக்கம். டிஸ்டன்ட் என்பவர் 1909இல் இதை விவரித்தபோது சால்பெர்கெல்லா பேரினத்திலேயேதான் வைத்தார். தனிப் பேரினமாகப் பிரிந்தது 1944இல்தான், பெயரும் டிஸ்டன்டின் நினைவாக வந்தது. பெயரிட்டவரே ஒன்றாகப் பார்த்த இரண்டை நாம் குழப்பிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொதுவாக டிஸ்டான்டியெல்லா கருமை கலந்தது, சால்பெர்கெல்லா வெளிறிய திட்டுகளுடன் பழுப்பு. நல்ல மாதிரிகளை அருகருகே வைத்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும். தனியாக ஒன்று கிடைத்தால் அவசரப்படாதீர்கள். தோலுரித்த புதிது என்றால் எந்த மிரிட்டும் வெளிறித்தான் இருக்கும், எத்தனாலில் நாள்பட்டாலும் நிறம் மாறும். அப்படிப்பட்ட மாதிரிக்கு நிறத்தை மட்டும் வைத்து இனப்பெயர் எழுதாமல் படி 6க்குப் போங்கள். கண்டெடுத்த மரமும் ஒரு துப்பு. கோலா மரங்கள் சால்பெர்கெல்லாவின் பழைய வீடு. டிஸ்டான்டியெல்லா இலவ மரத்திலும் பாவோபாப் மரத்திலும் வாழும். நம் ஊரில் பஞ்சுக்கு வளர்க்கும் அதே இலவ மரம்தான். கொக்கோவில் கிடைத்தால் மட்டும் இந்தத் துப்பு உதவாது, இரண்டும் அங்கே உண்டு.

பிரித்தறிவது ஏட்டுக் கணக்கு இல்லை. லிண்டேன் என்னும் பூச்சிமருந்துக்கு எதிர்ப்பு 1960களின் தொடக்கத்தில் கானாவில் தெரியவந்தது டிஸ்டான்டியெல்லாவில். ஆப்பிரிக்க முசிறு எறும்பான ஈக்கோஃபில்லா லாஞ்சினோடா இருக்கும் மரங்களில் டிஸ்டான்டியெல்லா குறைவு என்பதும் பழைய அவதானிப்பு. இரண்டையும் 'மிரிட்' என்று ஒரே கட்டத்தில் எண்ணி எழுதினால் இப்படிப்பட்ட எதுவும் வெளியே தெரியாது.

அடுத்தவர் ஹெலோபெல்டிஸ், தேயிலைக் கொசுவின் பேரினம். ஆப்பிரிக்காவிலும் இதற்கு இனங்கள் உண்டு, கொக்கோக் காயில்தான் பெரும்பாலும் உட்காரும். இதைப் பிரிப்பது சுலபம். உடம்பு மெலிந்தது, கால்களும் உணர்கொம்பும் நீளம், ஸ்குட்டெல்லத்திலிருந்து குண்டூசி நட்டது போல ஒரு முள் நேராக எழுந்து நிற்கும். சால்பெர்கெல்லாவுக்கு அந்த முள் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடே போட்ட கொக்கோவில் காயெல்லாம் கறுப்புப் புள்ளி கண்டால் முதலில் ஹெலோபெல்டிஸைச் சந்தேகியுங்கள். சால்பெர்கெல்லா மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பூச்சி, சியரா லியோனிலிருந்து காங்கோ, உகாண்டா வரை. இணையத்தில் படம் பார்த்து இந்தப் பெயரை நம் ஊர்ப் பூச்சிக்கு ஒட்ட வேண்டாம்.

கேடய வடிவில் பச்சையாக, பெரிதாக இருந்தால் அது பாத்திகோலியா தலசீனா, காயைக் குத்தும் இன்னொரு நாவாய்ப்பூச்சி, குடும்பமே வேறு. வாய் ஊசி குட்டையாக, வளைந்து, மூன்றே கணுக்களுடன் தெரிந்தால் அது கொலைகார நாவாய்ப்பூச்சி. மற்ற பூச்சிகளைத் தின்னும் நண்பன், விட்டுவிடுங்கள். அது விரலில் குத்தினால் நன்றாகவே வலிக்கும்.

படி 5: முட்டையும் இளம்பூச்சியும்

முட்டையை மரத்தின் மேலே தேடினால் கிடைக்காது. தாய் அதைத் திசுவுக்குள் செருகிவிடும். இளந்தண்டு, காய்க்காம்பு, காயின் தோல் இவைதான் இடம். முட்டை வெண்மையாக, சற்று வளைந்த சிறு குழல் போல, 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது முட்டை மூச்சுவிட உதவும் இரண்டு மெல்லிய இழைகள் மட்டும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. 20 மடங்கு லென்ஸில், பக்கவாட்டு வெளிச்சத்தில் தேடுங்கள்.

இரண்டு வாரம் அளவில் பொரிக்கும். பிறகு இளம்பூச்சி ஐந்து பருவங்கள் கடந்து, மூன்று நான்கு வாரத்தில் சிறகு பெறும். கூட்டுப்புழுப் பருவம் கிடையாது, ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் தாய் தந்தையின் சாயல் கூடிக்கொண்டே போகும். இளம்பூச்சி உருண்டையாக, செம்பழுப்பாக, முதுகில் சிறு முண்டுகளுடன் இருக்கும். மூன்றாம் பருவத்திலிருந்து சிறகு மொட்டுகள் எட்டிப் பார்க்கும், ஐந்தாவதில் அவை வயிற்றின் மேல் நன்றாகப் படிந்திருக்கும். கியூனியஸ் இன்னும் உருவாகாததால் படி 2இன் முக்கியக் குறி இங்கே உதவாது. அதற்குப் பதிலாக வயிற்றின் மேற்புறத்தில் மூன்றாம், நான்காம் கண்டங்களுக்கு நடுவே பாருங்கள். வாசனைச் சுரப்பியின் ஒரே ஒரு திறப்பு இருக்கும். கேடய நாவாய்ப்பூச்சிகளின் குஞ்சுகளுக்கு இப்படிப்பட்ட திறப்புகள் ஒன்றுக்கு மேல் வரிசையாக இருக்கும்.

இனப்பெயர் வேண்டுமென்றால் நல்ல வழி, இளம்பூச்சியைப் பச்சைத் தண்டோடு வளர்த்துச் சிறகு வந்த பிறகு பார்ப்பது. கழற்றிய ஒவ்வொரு தோலையும் எடுத்து வையுங்கள்.

படி 6: ஆணா பெண்ணா, பிறகு கடைசித் தீர்ப்பு

பூச்சியை மல்லாக்கத் திருப்புங்கள். வயிற்றின் அடியில், பின்பகுதி நடுவே நீளவாக்கில் ஒரு பிளவு ஓடி, அதில் வாள் போன்ற முட்டையிடும் உறுப்பு மடிந்திருந்தால் பெண். அது இல்லாமல் நுனி ஒரு கிண்ணம் போல மூடியிருந்தால் ஆண்.

ஆணின் அந்தக் கிண்ணத்துக்குள்தான் மறுக்க முடியாத சாட்சி இருக்கிறது. இணையும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ளும் உறுப்புகள் அங்கே இருக்கும். மிரிட் ஆண்களில் இடப்பக்கப் பற்றுறுப்பும் வலப்பக்கப் பற்றுறுப்பும் ஒன்று போல இருக்காது, பொதுவாக இடது பெரியது. ஒவ்வொரு இனத்துக்கும் அதன் வடிவம் தனி. வயிற்று நுனியைப் பிரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தசை கரையும் வரை வைத்து, தண்ணீரில் கழுவி, கிளிசரினில் போட்டுப் பாருங்கள். சரியாகப் பெயரிடப்பட்ட மாதிரியோடோ அதன் வரைபடத்தோடோ ஒப்பிட்டுத் தீர்மானியுங்கள். பெண் மட்டுமே கிடைத்திருந்தால் ஒரு காலைத் தூய எத்தனாலில் வைத்து டிஎன்ஏ பார்கோடு பார்க்கலாம். பிரித்த துண்டுகளைச் சிறு குப்பியில் போட்டு, மாதிரி இருக்கும் அதே ஊசியில் கோத்துவிடுங்கள், தனியே வைத்தால் எது எதனுடையது என்று பிறகு தெரியாது.

படி 7: பத்திரப்படுத்துவது

மிரிட்களின் காலும் உணர்கொம்பும் தொட்டாலே கழன்றுவிடும். ஒருமுறை முந்திரித் தோப்பில் ஏழெட்டுத் தேயிலைக் கொசுக்களை ஒரே குப்பியில் போட்டுக் கொண்டுவந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் உடம்பெல்லாம் ஒரு பக்கம், உணர்கொம்பெல்லாம் ஒரு பக்கம். அன்றிலிருந்து குப்பிக்கு ஒன்றுதான், உள்ளே அசையாமலிருக்க ஒரு துண்டு மெல்லிய தாள்.

உலர்த்தி வைப்பதாக இருந்தால், முக்கோணமாக வெட்டிய அட்டையை ஊசியில் கோத்து, அதன் நுனியில் துளிப் பசை வைத்து, மார்பின் வலப்பக்கத்தை ஒட்டுங்கள். நடு முதுகில் ஊசி குத்தினால் நாம் இவ்வளவு நேரம் பார்த்த ஸ்குட்டெல்லமே உடைந்துபோகும்.

சீட்டு எழுதும்போது நாடு, மாகாணம், ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, சேகரித்தவர் பெயர் இவற்றோடு மரத்தின் பெயரையும் பூச்சி இருந்த இடத்தையும் சேருங்கள். 'கானா, கிழக்கு மாகாணம், டாஃபோ; கொக்கோ; காய்க்காம்பின் அடி; இரவு 8 மணி, டார்ச் வெளிச்சத்தில்' என்று எழுதுங்கள். 'கொக்கோ' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தினால், அது காயில் உறிஞ்சிக்கொண்டிருந்ததா, தண்டில் முட்டை வைத்துக்கொண்டிருந்ததா, பறக்கும் வழியில் சும்மா உட்கார்ந்திருந்ததா என்று பிறகு படிப்பவருக்குத் தெரியாது.